ஓரணாச் சோறு

கேள்வி: அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது. அதற்கு மேலும் சோறு, சைக்கிள், பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய்! படிக்கிற பிள்ளை தெருவிளக்கில் உட்கார்ந்தும் படிக்கும். இப்படி வாரி இறைத்தால் வறுமை ஒழிந்துவிடுமா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: திருப்பூரிலிருந்தா இந்தக் கேள்வி? பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகும் பிள்ளை சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதை வேண்டாம் என்று விடுவதுதான் ஏழை வீடு பள்ளிக்குக் கட்டும் கட்டணம். ரசீது கிடையாது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

விளக்கு என்றீர்கள். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது என்று கறார்க் கணக்கு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குச் சோறு போனது. 1922–23-இல் அந்தப் பள்ளிகளில் 811 பேர். 1924–25-இல் 1,671 பேர். இரண்டே ஆண்டுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் திடீரென்று படிப்பாசை பிறந்துவிட்டதா என்ன? தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று 1925-இல் வெள்ளை அரசு தடுத்தது, திட்டம் நின்றது. உங்கள் கட்சிக்கு அப்போதே ஆள் இருந்திருக்கிறது! காமராஜர் 1956-இல் மறுபடி அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று.

சைக்கிளுக்கு பீகார் சாட்சி. அங்கே 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். அதிலும் பெரும்பங்கு, பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில். விருப்பம் முன்பே இருந்தது ஐயா, வழிதான் நீளம்.

அந்த ஆயிரம் ரூபாய்? ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் தந்த திட்டத்தைத்தான் 2022-இல் புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள். தாலிக்குக் கொடுத்த காலத்தில் 'வாரி இறைக்கிறார்கள்' என்று எனக்கு ஒரு கடிதம்கூட வந்ததாக நினைவில்லை.

படித்து முடித்தும் வேலை இல்லையே என்று கேட்டிருந்தால், இவ்வளவு வேகமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.