எம்எம்ஆர் ஊசி போட்ட பிறகு கர்ப்பம் தெரிந்தால்

தங்கச்சி, மாதவிடாய் தள்ளிப்போனது தெரியாமல் எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மை ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசி) போட்டுக்கொண்டதாகவும், சுங்கை சிப்புட்டில் உங்கள் லயத்துப் பக்கத்து வீட்டு அக்கா ‘குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை வரும், கலைத்துவிடு’ என்று பயமுறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதீர்கள்.

அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த கிருமி. கருவைத் தொட்டுவிடுமோ என்ற முன்னெச்சரிக்கையால்தான் கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதில்லை. போட்டபின் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதும் அதனால்தான். அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை, உங்களைப் போலவே தெரியாமல் ரூபெல்லா ஊசி போட்டுக்கொண்ட, எதிர்ப்புச் சக்தி இல்லாத 321 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிறந்த 324 குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட ரூபெல்லாவின் பிறவிக் குறைபாடு இல்லை. அக்கா சொல்லும் கண்புரை, காது கேளாமை எல்லாம் நிஜ நோயே தாயைத் தாக்கினால் வருபவை. ஊசியைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதுதான் மருத்துவ நிலைப்பாடு.

சரி, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். ஊசி அட்டையை மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) காட்டி, தேதியைக் கர்ப்பப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் எப்போது என்றும் கேளுங்கள். அப்புறம், அங்கே போடும் டெட்டனஸ் ஊசிக்குப் பயந்து மறுத்துவிடாதீர்கள். அதில் உயிருள்ள கிருமி கிடையாது.