வாய்க்காலை விட்டுவிட்டு பிளாட் போடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். ஊர்ப் பக்கம் நாலுவழிச் சாலை வந்துவிட்டது, புரோக்கர்கள் வந்து போகிறார்கள், என்ன செய்வது என்று. நிலத்தை விற்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மகள் கல்யாணத்துக்காக ஒரு ஏக்கர் விற்கிறவரிடம் கிராமத்தின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. எது நம் சொத்து, எது ஊர்ச்சொத்து என்று தெரிந்துகொண்டு விற்றால் போதும்.

நாலு வருடமாகத் தரிசாகக் கிடக்கிற நன்செய், தானாகவே புன்செய் ஆகிவிடும் என்கிறார்களே? (விழுப்புரம் மாவட்டம்)

ஆகாது. நன்செயா புன்செயா என்கிற வகைப்பாடு, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் இருக்கிறது. வயலில் என்ன முளைத்தது, என்ன முளைக்கவில்லை என்பது அடங்கலில் வரும். இரண்டும் வேறு. நன்செயை மனையாக்க ஆட்சியரின் இசைவு வேண்டும். கருவேலம் வளர்ந்துவிட்டதால் அந்த விதி மாறாது.

என் நிலத்தில் ரிசார்ட் கட்டலாமா? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த மாவட்டம், மலையா சமவெளியா, நன்செயா புன்செயா, பாதை எத்தனை அடி, சர்வே எண் என்ன, எதுவும் இல்லை. 'உடனே' மட்டும் இருக்கிறது. ஜாதகம் கொடுக்காமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள்.

மலை என்றால் உங்கள் வருவாய் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1990-லிருந்து இருக்கிற ஏற்பாடு அது. நீலகிரியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பதும் நேற்று வந்த விதி இல்லை. காட்டோரம் என்றால் நீலகிரியின் சீகூரை நினைத்துக்கொள்ளுங்கள். யானை வழித்தடத்துக்கான அரசாணை 2010-லேயே வந்துவிட்டது. வழக்கு பத்து வருடம் ஓடி, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்தது. யாரும் கேட்க மாட்டார்கள் என்று காட்டேஜ் கட்டியவர்களின் பணம் அங்கே சிமெண்டாக நிற்கிறது. சர்வே எண்ணோடு திரும்ப எழுதுங்கள்.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியாகிவிட்டது. அப்புறம் எப்படி எங்கள் ஊரில் பிளாட் போடுகிறார்கள்? (திருவாரூர் மாவட்டம்)

2020 சட்டத்தின் தலைப்பைப் படித்துவிட்டு அட்டவணையைப் படிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். அது தடுப்பது அட்டவணையில் எழுதியிருக்கிற தொழில்களை: எண்ணெய், எரிவாயு எடுப்பது, துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, இப்படி. மனைப்பிரிவு அதில் இல்லை. மீத்தேனை நிறுத்திய ஊரில் மூன்று போக வயல் பிளாட்டாகப் போவதற்கு அந்தச் சட்டத்தில் தடை கிடையாது. உங்களுக்கு இருக்கிற பிடி நன்செய் விதியும் ஆட்சியரின் இசைவும்தான். இசைவுக்கு மனு போகும் கட்டத்திலேயே ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். கல் நட்ட பிறகு கொடுத்தால் கல்தான் ஜெயிக்கும்.

எட்டு மனைக்குள் பிரித்தால் எந்த அனுமதியும் வேண்டாமாமே? (நாமக்கல் மாவட்டம்)

வேண்டும். ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு வேறு, நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேறு. உங்கள் புரோக்கர் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அனுமதியில்லா மனைக்கு வரன்முறைத் திட்டமும் கை கொடுக்காது. பத்திரம் போடும் முன் வில்லங்கம் பார்க்கிற மாதிரி அனுமதி எண்ணையும் பாருங்கள்.

எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலை மனைப்பிரிவுக்காரர் மூடி மேலே ரோடு போட்டுவிட்டார். கேட்டால் 'அடியில் பைப் போட்டிருக்கிறோம்' என்கிறார். விட்டுவிடலாமா? (காஞ்சிபுரம் மாவட்டம்)

விடாதீர்கள். இந்தப் பைப் கதையை முப்பது வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள வாய்க்காலில் தண்ணீர் போக 3 சதுர மீட்டர் வாய் இருக்கிறது. இரண்டடி சிமெண்ட் பைப்பின் வாய் கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பத்தில் ஒரு பங்கு. அதுவும் முதல் மழைக்குத் தென்னை மட்டையும் பாலிதீன் பையும் வந்து அடைக்கும் வரைதான்.

ஒரு தடவை விவசாயிகள் கூப்பிட்டு இப்படி ஒரு மனைப்பிரிவைப் பார்க்கப் போனேன். நல்ல வெயில். வாசலில் வளைவு, 'கார்டன்' என்று பெயர், விளக்குக் கம்பங்களுக்குப் புது வெள்ளி வண்ணம். வரைபடத்தில் ஒரு குறை இல்லை. புலப்படத்தை, அதாவது சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் வருவாய்த்துறைப் படத்தை, கையில் வைத்துக்கொண்டு எல்லையோரமாக நடந்தேன். வெளியே நேர்கோட்டில் பனை வரிசை ஒன்று வந்து, சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. நட்ட நடு வயலில் யாரும் பனையை வரிசையாக வைப்பதில்லை. அது கரையில் நிற்கிற மரம். சுவருக்கு அந்தப் பக்கம் தேடினால், மூன்றாவது வீட்டின் பின்கட்டில் பழைய மடைக்கல்லைத் துவைக்கிற கல்லாகப் போட்டிருந்தார்கள். கதவு இறங்கும் காடி கூட அழியவில்லை. அந்த அம்மாவுக்கு அது என்ன என்று தெரியாது, பாவம். ஐப்பசியில் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கீழே இருக்கிற வயல்காரர்களுக்கு அதே தண்ணீர் தையில் எட்டவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அது எந்த வகை வாய்க்கால் என்று பாருங்கள். புலப்படத்தில் இரட்டைக் கோடாக, தனி உட்பிரிவாக வந்து, 'அ' பதிவேட்டிலும் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசுடையது. அதை மூட மனைப்பிரிவுக்காரருக்கும் உரிமை இல்லை, மூடச் சொல்ல ஊராட்சித் தலைவருக்கும் இல்லை. வட்டாட்சியருக்கும் நீர்வளத்துறைக்கும் புலப்பட நகலும் போட்டோவும் வைத்து மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் வராமல் பட்டா நிலத்துக்குள் ஓடுகிற வாய்க்கால் என்றால் 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. 20 வருடம் தடையில்லாமல், உரிமையோடு அதில் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். பழைய அடங்கல் நகல்கள் அங்கே பேசும். புரொமோட்டரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடிப்பது மட்டும் வேண்டாம். அவர் கடைசி மனையை விற்றதும் போய்விடுவார், உங்கள் வாய்க்கால் போகாது.

புரொமோட்டர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்கும் ஒரு கணக்கு. அதே 3 மீட்டர் அகலத்தில் 200 மீட்டர் நீள வாய்க்காலைத் திறந்தபடி விட்டால் எவ்வளவு நிலம்? சுமார் 15 சென்ட். பத்து ஏக்கர் மனைப்பிரிவில் நூற்றுக்கு ஒன்றரை. அதுவும் புறம்போக்கு என்றால் உங்கள் நிலமே இல்லை, நஷ்டம் எங்கிருந்து வந்தது? கரையை ஒட்டி ரோடு விடுங்கள், ரோடு குறுக்கே போகிற இடத்தில் முழு அகலத்துக்கும் பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவச் சிறுபாலம்) கட்டுங்கள். பனைகளையும் விட்டுவையுங்கள், வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டது.

வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், போன தடவையும் சொன்னேன்: பட்டாவை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். புலப்படத்தோடு ஒரு தடவை நடந்து பாருங்கள்.

பூங்கா என்று காட்டிய இடத்தில் புரொமோட்டரே கம்பி வேலி போட்டிருக்கிறார். (கோயம்புத்தூர் மாவட்டம்)

மனைப்பிரிவு இரண்டரை ஏக்கருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். பத்திரம் பதிவாகியிருந்தால் வேலியை ஊராட்சியே பிடுங்கலாம். ஆகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். முக்கால் ஏக்கரிலிருந்து இரண்டரை ஏக்கர் வரை என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழியுண்டு, அதையும் விசாரியுங்கள். பெரும்பாலும் அந்தப் பத்து சதவீதத்தை மூலையிலிருக்கிற பள்ளமாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் எந்தத் திட்டத்தையும் நிறுத்தலாம், அரிட்டாபட்டியில் நிறுத்தினார்களே? (மதுரை மாவட்டம்)

தீர்மானம் மட்டும் நிறுத்தவில்லை. 2022-லேயே அங்கே 193 ஹெக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் தெரியவந்தபோது ஊர்க்காரர்கள் கையில் அந்த ஆவணம் தயாராக இருந்தது. மேலூர் பக்கத்து ஊராட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டப்பேரவையும் போட்டது, ஜனவரியில் ஜனங்கள் மதுரைக்கே நடந்து வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

உங்கள் ஊரில் இருப்பது டங்ஸ்டன் இல்லை, கல்யாண மண்டபமும் குடோனும். அதற்காகச் சட்டப்பேரவை கூட்டம் போடாது. வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது ஊரின் மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, ஓடை எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். 'இயற்கையைக் காக்க வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானத்தை எந்த அதிகாரியும் இரண்டாம் தடவை புரட்ட மாட்டார். பொது நிலங்களை வளைத்தவர்களுக்கு வரன்முறை செய்து கொடுக்காதீர்கள் என்று 2011-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லா மாநிலங்களுக்கும்தான்.

ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். நல்லதா கெட்டதா? (திருப்பூர் மாவட்டம்)

ரோடு, சாக்கடை, விளக்கு வரலாம். சொத்து வரி ஏறும், கிராம சபை போகும், ஊரக வேலைத்திட்டம் போகும். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கும் மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது. எதுவாக இருந்தாலும் இணைப்புக்கு முன் புறம்போக்குப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகர அளவை வரும்போது சர்வே எண்கள் மாறும், அந்தச் சந்தில்தான் ஓடைகள் காணாமல் போகும்.

ரோட்டோரம் இருக்கிற பழைய ஓட்டு வீட்டை இடித்து நாலு கடை கட்டலாம் என்கிறான் மகன். (சிவகங்கை மாவட்டம்)

காரைக்குடிப் பக்கம் அந்த மாதிரி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதற்குத்தான் வெளியூர்க்காரர்கள் காசு கொடுக்கிறார்கள். மகனை ஒரு தடவை அங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைதான் என்று முடிவானால், அஸ்திவாரம் தோண்டும் முன் நெடுஞ்சாலையின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புலப்படம் புலப்படம் என்கிறீர்களே, அது எங்கே கிடைக்கும்? (மூன்று பேர்)

வருவாய்த்துறையின் இ-சேவை இணையதளத்தில், கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் வரும். பட்டா எடுக்கிற அதே பக்கம்தான். அச்செடுக்கும்போது படம் தாளுக்குத் தகுந்தபடி சுருங்கிவிடும், அதனால் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். கோட்டின் மேல் மீட்டரில் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, டேப்போடு வயலுக்குப் போங்கள்.