மகன் கேமிங்தான் தொழில் என்கிறான். நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். கணவர் சின்ன லேத் பட்டறை நடத்துகிறார், செலவெல்லாம் போக மாதம் 40,000 ரூபாய் கையில் நிற்கும். நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 15,000. மகன் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு, மகள் பிளஸ் 1. மகன் பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேமை நன்றாக ஆடுவான் என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போது கல்லூரியை விட்டுவிட்டு, பெங்களூருவில் டீமோடு வீடெடுத்துத் தங்கி ஒரு வருடம் பயிற்சி எடுக்கப் போகிறானாம். போன், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 3 லட்சம் கேட்கிறான். என் நகையை அடகு வைக்க வேண்டும், இல்லையென்றால் மகள் படிப்புக்காகப் போட்ட எஃப்.டி.யை உடைக்க வேண்டும். கணவர் பேச்சை எடுத்தாலே கோபப்படுகிறார், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். இது பிழைக்கக்கூடிய தொழில்தானா? இதற்கு மரியாதை உண்டா? பணம் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்க வேண்டாம். மகளின் எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம். அதற்காகத் தம்பியின் ஆசையை மூட்டை கட்டி வைக்கவும் சொல்ல மாட்டேன். அவர் ஆடட்டும். எந்தப் பணத்தில், எத்தனை நாள் என்பதுதான் நாம் பேச வேண்டியது.

இந்தத் துறையில் பணம் இருப்பது உண்மை. பிஜிஎம்ஐ இந்தியாவுக்கு வந்த 2021-லேயே அதன் முதல் பெரிய தொடருக்கு மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய், முதலிடத்துக்கு மட்டும் 50 லட்சம். தம்பி உங்களிடம் இந்த மாதிரி எண்களைத்தான் காட்டியிருப்பார். அந்த 50 லட்சத்தை என் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன். டீமை நடத்தும் நிறுவனம் ஒப்பந்தப்படி 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 லட்சம். களத்தில் ஆடும் நால்வர், மாற்று வீரர் ஒருவர் என ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 8 லட்சம். ஆன்லைன் விளையாட்டில் வென்ற தொகைக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். சம்பளக்காரர்களுக்கு இருப்பது போன்ற அடிப்படை விலக்கு இந்த வருமானத்துக்குக் கிடையாது. எல்லாம் கழித்தால் கையில் வருவது சுமார் 5.5 லட்சம்.

இது நாட்டிலேயே முதலிடம் பிடித்த டீமில் ஒருவருக்குக் கிடைக்கும் தொகை. அடுத்த வருடம் அதே டீம் முதலில் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறும் நூற்றுக்கணக்கான டீம்களின் பையன்களும் தினம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஸ்க்ரிம்ஸ் என்ற பயிற்சி ஆட்டங்களை ஆடியவர்கள்தான்.

அப்படியானால் பெரிய பெயர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? தம்பிக்கு மார்ட்டல், ஜோனதன் என்ற பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். பரிசுப் பணம் அவர்களுடைய வருமானத்தில் ஒரு பகுதிதான். டீம் தரும் மாதச் சம்பளம், யூடியூப் லைவ், விளம்பர ஒப்பந்தம் என்று வரும் பணம்தான் மாதா மாதம் நிற்கும் பணம். அதற்கு நன்றாக ஆடினால் மட்டும் போதாது. பேசத் தெரிய வேண்டும், ஆயிரம் பேர் பார்க்கும்போது முகம் கொடுக்கத் தெரிய வேண்டும். தம்பிக்கு அது வருமா என்று அவரிடமே கேளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது பரிசுத் தொகையை விட முக்கியமானது. பணக் கணக்குப் பார்த்துச் சொல்லும் ஆளாக எனக்கு இந்தத் தொழிலில் பெரிய பயமே இதுதான். விசுவநாதன் ஆனந்த் ஆறு வயதில் தன் அம்மாவிடம் செஸ் கற்றுக்கொண்டார். அன்று கற்ற அதே ஆட்டத்தை இன்றும் ஆடுகிறார். செஸ் யாருடைய சொத்தும் இல்லை, யாரும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பிஜிஎம்ஐ அப்படியில்லை. அது ஒரு நிறுவனத்தின் சொத்து. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. அதன் இடத்தில் 2021-ல் பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலை இறுதியில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது. திரும்ப வந்தது 2023 மே மாதம். நடுவில் ஏறக்குறைய பத்து மாதம். அந்த ஆட்டத்தை நம்பிக் கல்லூரியை விட்ட பையன்கள் அந்தப் பத்து மாதம் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கணவரின் லேத் மெஷினை ஒரு நாள் காலையில் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். டோட்டா 2 விளையாட்டின் உலகத் தொடருக்கு 2021-ல் பரிசுத் தொகை 4 கோடி டாலர். அதில் பெரும்பகுதி, ரசிகர்கள் ஆட்டத்துக்குள் வாங்கும் பொருட்களிலிருந்து ஒதுக்கப்பட்ட பங்கு. 2023-ல் நிறுவனம் அந்த விற்பனை முறையை மாற்றியது. பரிசு சுமார் 30 லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது. ஆடுபவர்களின் திறமை குறையவில்லை, ஆட்டத்தின் முதலாளி முடிவை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

மரியாதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிரிக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேம்களை, விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்தபோதே இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டில் இது பதக்கப் போட்டியாகவே ஆனது. அங்கே தங்கம் வென்ற தென்கொரிய வீரர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. ஒரு நாடு இதை எவ்வளவு பெரிதாக மதிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அங்கே லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டத்தில் தங்கம் வென்ற அணியில் இருந்த ஃபேக்கர் என்ற லீ சாங்-ஹியோக், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு 2013-ல் களத்துக்கு வந்தவர். 2025-ல் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். தம்பி இவர் பெயரைச் சொல்லி உங்களிடம் வாதாடலாம். லட்சத்தில் ஒருவர் அவர். அவரை வைத்து வீட்டு பட்ஜெட் போட முடியாது.

மரியாதை உண்டு சகோதரி. ஆனால் அந்த மரியாதை இன்னும் மாதச் சம்பளமாக மாறவில்லை. கபடியோ வாலிபாலோ நன்றாக ஆடினால் ரயில்வே, காவல்துறை, வங்கி என்று வேலைக்கு ஒரு பாதை இருக்கிறது. பிஜிஎம்ஐ ஆடும் பையனுக்கு அப்படிப் பழகிய பாதை கிடையாது. ஒலிம்பிக் அமைப்பும் சவுதியும் சேர்ந்து நடத்துவதாக 2024-ல் அறிவித்த ஒலிம்பிக் இ-ஸ்போர்ட்ஸ் போட்டி முதலில் 2027-க்குத் தள்ளிப்போனது, அப்புறம் 2025 அக்டோபரில் அந்த ஒப்பந்தமே முறிந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 3 லட்சத்துக்கு நகைக்கடன் வாங்கினால், ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றாலும் மாதம் 2,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். ஒரு வருடம் கழித்துத் தம்பி வெறுங்கையோடு வந்தால் படிப்பும் போயிருக்கும், நகையும் மீண்டிருக்காது. அந்த நிலையில் அவர் வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிடுவாரா? அந்தக் கடனை அவர் மனதிலும் ஏற்றாதீர்கள். மகளின் எஃப்.டி.யோ அவளுடைய பணம். இன்னும் இரண்டு வருடத்துக்குள் அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்.

தம்பி பி.சி.ஏ.வை முடிக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிஜிஎம்ஐ ஆட பெங்களூரு போக வேண்டியதில்லை, தகுதிச் சுற்றுகள் ஆன்லைனிலேயே நடக்கின்றன. வீட்டில் நல்ல இணைய இணைப்பு போடுங்கள். போன் வாங்க 30,000 வரை ஒதுக்குங்கள், அதில் பாதியை அவர் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்க்கட்டும். நீங்கள் தரும் பாதி மாத வருமானத்திலிருந்து வர வேண்டும், கடனிலிருந்து அல்ல. அதைச் செலவு என்றே கணக்கில் எழுதுங்கள். முதலீடு என்று எழுதினால் மனம் திரும்பி வருவதை எதிர்பார்க்கும்.

படிப்பு முடிய இருக்கும் மாதங்களையே கெடுவாக வையுங்கள். அதற்குள் அதிகாரபூர்வத் தொடர்களில் அவருடைய டீம் எத்தனை சுற்று தாண்டியது என்று ஒரு நோட்டில் அவரே எழுதி வரட்டும். ஏதாவது ஒரு நிறுவனம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு, வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம் தர முன்வந்தால் அப்போது பெங்களூரு பற்றிப் பேசலாம். இதுவரை யாராவது அவருக்கு ஆட்டத்துக்காக ஒரு ரூபாயாவது கொடுத்திருக்கிறார்களா? இந்தக் கேள்வியை இன்று இரவே கேட்டுவிடுங்கள். டீமில் சேர்க்கவே அவரிடம் பணம் கேட்கிறார்கள் என்றால் அந்தப் பக்கம் போகவே கூடாது.

இன்னொன்றையும் பக்குவமாக விசாரியுங்கள். நுழைவுப் பணம் கட்டி, ஜெயித்தால் பணம் என்று நடக்கும் ரூம் மேட்ச்களில் அவர் ஆடுகிறாரா? நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே போன் திரைதான். அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

என்னிடம் வரும் ஒரு வாடிக்கையாளரின் மகன் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தவன். 2022 பிப்ரவரியில் அது தடையானபோது அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அப்பா கண் கலங்கினார். தன் ஆட்டங்களை வெட்டி ஒட்டிப் பழகிய கையால் இன்று வீடியோ எடிட்டிங் செய்து மாதம் 28,000 வாங்குகிறான். உங்கள் மகன் படிப்பது பி.சி.ஏ. விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலை, உருவாக்கும் வேலை, போட்டி ஒளிபரப்பு, தமிழ் வர்ணனை என்று இந்த உலகத்துக்குள்ளேயே சம்பள வேலைகள் இருக்கின்றன. பட்டம் கையில் இருந்தால் அந்தக் கதவுகளைத் தட்டலாம்.

உங்கள் கணவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். அடுத்த தகுதிச் சுற்று நடக்கும்போது மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் முழுக்கப் பார்க்கட்டும். டீம் ஒப்பந்தம் என்று ஏதாவது காகிதம் வந்தால், தம்பி கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பரிசில் யாருக்கு எவ்வளவு பங்கு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அவருடைய யூடியூப் சேனல் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று இடங்களையும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.