அட்ரினல் சாறும் ரத்த அழுத்தமும்: தொடக்ககால ஆய்வுகள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி (மருத்துவ மாணவர்): ஜார்ஜ் ஆலிவர் தன் மகனுக்கே அட்ரினல் சுரப்பியின் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) சாறு கொடுத்து, அது சுரக்கும் அட்ரினலினைக் கண்டறிந்தார் என்கிறார்களே, உண்மையா சார்?

பதில்: ஆங்கிலேய உடலியலாளர் ஹென்றி டேல் பிற்காலத்தில் சொல்லிப் பரவிய கதை அது. ஊசி போட்டதாக ஒரு வடிவம், குடிக்கக் கொடுத்ததாக இன்னொன்று. வாய்வழி போனால் அட்ரினலின் குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடும், அதனால் குடித்த கதை பொருந்தாது. இங்கிலாந்தின் ஹாரோகேட் ஊர் மருத்துவரான ஆலிவரும், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் உடலியல் பேராசிரியர் ஷேஃபரும் 1894 மார்ச்சில் முதல் அறிவிப்பையும் 1895-இல் முழுக் கட்டுரையையும் வெளியிட்டார்கள். தேர்வில் அதை எழுதுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் அழுத்தத்தை எப்படிப் பதிந்தார்கள்?

பதில்: மயக்கிய விலங்கின் கழுத்துத் தமனியில் கானுலா என்னும் சிறு குழாய். அதிலிருந்து ரத்தம் உறையாதிருக்க உப்புக் கரைசல் நிரப்பிய குழாய், பாதரச மானோமீட்டர் (அழுத்தமானி), பாதரசத்தின் மேல் மிதவை, மிதவையில் முள், புகை படிந்த தாள் சுற்றிய உருளை. சாறு சிரை வழியாகப் போகும். கானுலா நுனியில் ரத்தம் உறைந்தால் கோட்டின் அலை தட்டையாகிவிடும். அதை மருந்தின் விளைவென்று படித்துவிடக் கூடாது. பாதரசம் கனமானது, வேகத் துடிப்பைப் பின்தொடராது. ஆகவே சராசரி அழுத்தத்தை மட்டும் நம்பலாம்.

கேள்வி (உடலியல் முதுகலை மாணவி): அழுத்தம் ஏறும்போது இதயத் துடிப்பு குறைகிறது. மருந்து இதயத்தைத் தளர்த்துகிறதா?

பதில்: இல்லை. அழுத்தம் ஏறியதும் வேகஸ் நரம்பு அனிச்சையாக இதயத்தை அடக்குகிறது. வேகஸை வெட்டியபின், அல்லது வேகஸின் விளைவைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தபின், அதே சாற்றைச் செலுத்தினால் துடிப்பு கூடும், அழுத்தமும் இன்னும் மேலே போகும். இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் வரைபடத்தைப் படிப்பது வீண். தண்டுவடத்தை அழித்தபிறகும் அழுத்தம் ஏறியது. அதனால் மூளையின் கட்டளை இல்லாமலே சாறு சிறுதமனிகளை நேரடியாகச் சுருக்குகிறது என்று முடிவுகட்டினார்கள். சுரப்பியை அரைத்ததால் உண்டான பொருளோ என்ற சந்தேகம் மிச்சம் இருந்தது. போலந்தின் கிராக்கோவில் உடலியலாளர் சிபுல்ஸ்கி, அட்ரினல் சிரையிலிருந்து எடுத்த ரத்தமும் அழுத்தத்தை ஏற்றுவதை 1895-இல் காட்டினார். உயிருள்ள சுரப்பியே அதைச் சுரக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. பல பாடநூல்கள் அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது அநியாயம்.

கேள்வி (வேதியியல் ஆசிரியர்): சுரப்பியிலிருந்து தூய அட்ரினலினைப் பிரிப்பதில் அமெரிக்க ஆய்வாளர் ஏபெல் தவறவிட்டதை ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே எப்படிப் பிடித்தார்?

பதில்: ஏபெல் பென்சாயில் குளோரைடு கொண்டு பிரித்தார், 1897-இல் அவர் அறிவித்த பொருளில் ஒரு பென்சாயில் தொகுதி ஒட்டியே இருந்தது. 1900-இல் நியூயார்க்கில் தகாமினேயும் உதவியாளர் உயேனகாவும் எளிய வழியில் போனார்கள். சுரப்பியை நறுக்கி, லேசாக அமிலம் சேர்த்த வெந்நீரில் காற்றுப் படாமல் சாறு இறக்கி, வெற்றிடத்தில் சுண்டவைத்து, ஆல்கஹால் சேர்த்து அசுத்தங்களைப் படியவைத்து வடிகட்டினார்கள். பிறகு அம்மோனியா விட்டதும் படிகம் இறங்கியது. அமிலத்தில் உப்பாகக் கரைந்திருந்தது, அமிலம் நீங்கினால் நீரில் கரையாது. இங்கே அம்மோனியாவுக்குப் பதில் காஸ்டிக் சோடாவை மிகுதியாகச் சேர்த்தால் பீனால் தொகுதிகள் வினைபுரிந்து மறுபடி கரைந்துவிடும்.

கேள்வி: அட்ரினல் சுரப்பி அழிவதால் வரும் அடிசன் நோயில் நோயாளிக்கு அட்ரினலின் ஏன் பலிக்கவில்லை?

பதில்: அழுத்தத்தை ஏற்றும் பொருள் சுரப்பியின் உள்பகுதியில் இருக்கிறது, ஆலிவரும் ஷேஃபருமே அதைக் காட்டினார்கள். அடிசன் நோயில் உயிருக்கு உலை வைப்பது புறப்பகுதியின் அழிவு. அந்தப் புறப்பகுதி சுரக்கும், உடலில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் 1953-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

கேள்வி (செவிலியர்): ஆம்பியூலில் அட்ரினலின் இளஞ்சிவப்பாக இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து அட்ரினோகுரோம் ஆகியிருக்கிறது, வீரியம் குறைந்திருக்கும். பழுப்பானாலும் அப்படியே. காரமும் காற்றும் வெளிச்சமும் இதை வேகப்படுத்தும். அதனால்தான் கரைசலை அமிலத்தன்மையில் வைத்து ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெட்டாபைசல்பைட் சேர்க்கிறார்கள். காரமான சோடா பைகார்பனேட் ஓடும் அதே ஐ.வி. குழாயில் அட்ரினலினைக் கலக்காதீர்கள்.