மாடு குறுக்கே வந்தால் வண்டி நிற்குமா, கவிழுமா?

2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி கார் வாங்குவதைப் பற்றித்தான். இந்த முறை மூன்றை எடுத்திருக்கிறேன். மூன்றுமே வண்டி கவிழ்வதைப் பற்றியவை.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த உயரமான சின்னக் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். கனடாவில் இருக்கும் அக்கா, "பாதுகாப்புப் பரிசோதனையில் எத்தனை ஸ்டார், கவிழும் ஆபத்துக்கு என்ன புள்ளி என்று பார்த்திட்டு வாங்கு" என்கிறா. இவரோ, ஸ்டார் எல்லாம் கம்பனிக்காரன் காசு கொடுத்து வாங்குவது என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, உப்புவெளி

பதில்: அக்கா சொல்வதுதான் சரி, தங்கச்சி. ஆனால் யார் காசில் பரிசோதித்தார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பதும் நியாயமான கேள்விதான், அதை விட்டுவிட வேண்டாம்.

அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்றொரு சஞ்சிகை இருக்கிறது. விளம்பரம் எடுப்பதில்லை, பரிசோதிக்கும் காரைத் தன் காசிலேயே வாங்குகிறது. 1988இல் அவர்கள் சுசுகி சமுராய் ஜீப்பை வேகமாக ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்கள், அது இரண்டு சில்லில் எழும்பியது, "ஏற்க முடியாது" என்று அச்சிட்டார்கள். கம்பனி 1996இல் வழக்குப் போட்டது, 2004இல்தான் சமாதானமாக முடிந்தது, எந்தப் பக்கமும் காசு கைமாறவில்லை. ஒரு பரிசோதனை முடிவுக்காக எட்டு வருடம் நீதிமன்றத்தில் நிற்கத் தயாராக இருந்த சஞ்சிகையைக் காசுக்கு எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. 1997இல் சுவீடனில் டெக்னிக்கன்ஸ் வார்ல்ட் என்ற சஞ்சிகை புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸை இதே மாதிரி வெட்டித் திருப்பியது, கார் உருண்டே விட்டது. அங்கே காட்டு ரோட்டில் எல்க் என்ற பெரிய மான் திடீரென்று குறுக்கே வரும், அதற்கு விலத்துவது போலச் செய்து பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை (நமக்கு மானுக்குப் பதில் எருமை, அவ்வளவுதான் வித்தியாசம்). மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்தி, காரைத் திருத்தி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸுக்கும் பூட்டிக் கொடுத்தது. அதன் பிறகுதான் அந்தக் கருவி சின்னக் கார்களுக்கும் இறங்கி வந்தது. சஞ்சிகைக்காரர் ஒருவர் ஸ்டியரிங்கை வெட்டிப் பார்த்ததால் வந்த பலன் அது. இதனால்தான் இந்த மதிப்பீடுகளை நான் இவ்வளவு பிடிவாதமாக ஆதரிக்கிறேன்.

அரசாங்கமே செய்யும் பரிசோதனையும் உண்டு. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2001ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து கவிழும் ஆபத்துக்குத் தனியாக ஸ்டார் கொடுக்கிறது. தனி வாகனம் விபத்தில் சிக்கினால் கவிழும் வாய்ப்பு 10 வீதம் அல்லது அதற்குக் கீழே என்றால் ஐந்து ஸ்டார், 40 வீதத்துக்கு மேலே என்றால் ஒன்று. அடிப்படைக் கணக்கு மிகச் சுலபம்: இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையிலான அகலத்தை, வண்டியின் பாரமையம் (எடை முழுவதும் திரண்டு நிற்பது போன்ற புள்ளி) நிலத்திலிருந்து நிற்கும் உயரத்தின் இரு மடங்கால் பிரிக்க வேண்டும். இந்த எண் கூடக்கூடக் கவிழும் ஆபத்து குறையும். சாதாரண கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும், ஜீப், வான், கெப் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. 2004 மொடல்களிலிருந்து ஓட்டிப் பார்க்கும் பரிசோதனையும் சேர்ந்தது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டி உடனே மறுபக்கம் முழுதாகத் திருப்பி, உள்பக்கச் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்புகின்றனவா என்று பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கு குசினியிலேயே விளங்கும். ஒரு பலகையில் தீப்பெட்டியைப் படுக்க வைத்து மெதுவாகச் சரியுங்கள், வழுக்கிக்கொண்டு கீழே வரும். அதே பெட்டியைக் குச்சி நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைத்துச் சரியுங்கள், வழுக்குவதற்கு முன்னமே குப்புற விழும். பெட்டியும் பலகையும் அதே, உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள கணக்குத்தான் மாறியது.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். ஜப்பானிய 660 சிசி கார்களுக்கு அங்குள்ள சட்டம் அகலத்தை 1.48 மீட்டருக்குள் கட்டிப் போட்டிருக்கிறது, அதனால் உள்ளே இடம் வேண்டும் என்றால் மேல்நோக்கித்தான் வளர முடியும். வேகன் ஆர் அகலம் 1.475 மீட்டர், உயரம் 1.65 அளவில். அகலத்தை விட உயரம் கூட. இந்தக் கார்கள் அமெரிக்காவில் விற்கப்படாதவை, ஆகவே அந்தக் கவிழ்வு ஸ்டாரைத் தேடினாலும் இவற்றுக்குக் கிடைக்காது. மோதல் பரிசோதனைக்கு ஜப்பான் அரசாங்கத்தின் ஜேஎன்கேப் முடிவு இருக்கும், அதைப் பாருங்கள். ஆனால் முன்பக்க மோதலுக்கு வாங்கிய ஸ்டார் கவிழ்வதைப் பற்றி ஒன்றும் சொல்லாது, இரண்டும் வேறு வேறு பரீட்சை.

அதனால் வாங்கப் போகும் இடத்தில் நான் முதலில் கேட்பது வழுக்கல் கட்டுப்பாடு இருக்கிறதா என்றுதான். சுசுகியில் ஈஎஸ்பி, டொயோட்டாவில் விஎஸ்சி, ஹொண்டாவில் விஎஸ்ஏ, நிசானில் விடிசி என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான்: வண்டி பக்கவாட்டில் இழுபடத் தொடங்கியதும் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டு நேராக்கும். அமெரிக்க காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகம் 2006இல் சொன்ன கணக்குப்படி, ஜீப் வகை வண்டிகள் தனியாகக் கவிழ்ந்து உயிர்போகும் விபத்தை இது 80 வீதம் குறைக்கிறது. சாவியைத் திறந்ததும் டாஷ்போர்டில், பின்னால் இரண்டு வளைந்த கோடு போட்ட மஞ்சள் கார் படம் எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்தக் கருவி இல்லை, அல்லது யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். எரிந்து அணையவில்லை என்றால் கோளாறு. விற்பவர் "அது ஒன்றும் பிரச்சினை இல்லை, எல்லா வண்டியிலும் எரியும்" என்று சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கோ.

இன்னொன்று. பெயரைப் பார்த்து ஸ்டாரை நம்ப வேண்டாம். 2010இல் ஐரோப்பாவில் ஸ்விஃப்ட் ஐந்து ஸ்டார் வாங்கியது. 2014இல் கார்களை மோதிப் பரிசோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் எயர்பேக் இல்லாமல் விற்ற ஸ்விஃப்டை மோதிப் பார்த்தபோது பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூச்சியம். எந்த நாட்டுக்குச் செய்தது, எந்த வருடம், எந்த கிரேட் என்று மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி: நான் ஹயருக்கு வான் ஓடுகிறேன். கதிர்காமம் போகும் ஆட்கள் அரிசி, பாத்திரம், காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் மேலே கரியரில் ஏற்றச் சொல்கிறார்கள். 200 கிலோ பெரிய பாரமா?
— வாசகர், கந்தளாய்

பதில்: எஞ்சினுக்குப் பெரிய பாரம் இல்லை, தம்பி. வளைவுக்குப் பெரிய பாரம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வெறும் வான் 1500 கிலோ, பாரமையம் 0.7 மீட்டரில், சில்லுக்குச் சில்லு 1.45 மீட்டர் என்று வைத்தால் மேலே சொன்ன எண் 1.04 வரும். 200 கிலோவை 2.1 மீட்டர் உயரத்தில் கரியரில் ஏற்றுங்கள். பாரமையம் 0.86க்கு ஏறுகிறது, எண் 0.84க்கு விழுகிறது. அந்த 200 கிலோவை உள்ளே, இருக்கைக்குக் கீழே, தரையில் வைத்திருந்தால் எண் கொஞ்சம் கூடியே இருக்கும். ஆட்களும் பாரம்தான்: அமெரிக்காவில் 15 பேர் ஏறக்கூடிய வான்களைப் பார்த்தபோது, பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறியவை தனி விபத்தில் கவிழ்வது, பத்துக்குக் குறைவானோர் போனவற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் சிலிண்டரும் அரிசி மூட்டையும் உள்ளே தரையில், கட்டிப் போட்டு. கரியரில் பாய், தலையணை, உடுப்புப் பை மட்டும். இடம் போதாது என்றால் இரண்டு பேரை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். பின் சீட் பெல்ட்டுகளை இருக்கைக்குள் இருந்து தோண்டி எடுத்து வெளியே விடுங்கள். வண்டி உருளும்போது பெல்ட் போடாதவர்தான் வெளியே எறியப்படுகிறார்.

கேள்வி: இரவில் தம்பலகாமம் பக்கம் எருமை ரோட்டில் படுத்துக் கிடக்கிறது. விலத்துவதா, இடிப்பதா?
— மாணவர், சீனக்குடா

பதில்: சில வருடங்களுக்கு முன் கந்தளாயிலிருந்து ஒரு வானில் வந்துகொண்டிருந்தேன், இரவு ஒன்பது மணி இருக்கும். எதிரே வந்த லொறியின் லைட் கண்ணில் அடித்தது, அது கடந்ததும் முன்னால் இரண்டு கண் மட்டும் மினுங்கியது. கறுத்த தாரில் கறுத்த எருமை. சாரதி இடப்பக்கம் வெட்டினார். சில்லு தார் விளிம்பை விட்டு மணலுக்குள் இறங்கிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. வண்டி ஒரு பக்கமாக எழும்பி, நான் எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டியின் மடியில் போய் விழுந்து, பிறகு நல்ல காலம், திரும்பி விழுந்து நின்றது. மேலே கட்டியிருந்த சருவப்பானை ரோட்டில் உருண்டு போனது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த மணல்தான் ஆபத்து. தனி வாகனம் கவிழும் விபத்துகளில் 95 வீதம், சில்லு எதிலாவது தட்டுப்பட்டு நடப்பவை: மென்மையான மண், விளிம்பு, கல், கான். தார் மேலே வெறுமனே திரும்பிக் கவிழ்வது மிகக் குறைவு. நிலாவெளி, குச்சவெளி ரோட்டில் தார் முடியும் இடத்திலேயே மணல் தொடங்குகிறது, இதை ஞாபகம் வைத்துக்கொள், தம்பி.

ஆகவே வெட்டாதே. உன் பாதையிலேயே நேராகப் பிரேக்கை முழுதாக மிதி. சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இருந்தால் பெடல் காலுக்குக் கீழே அடித்து நடுங்கும், பயந்து காலை எடுத்துவிடாதே. சில்லு ஏற்கெனவே மணலில் இறங்கிவிட்டால் உடனே தாருக்கு இழுக்காதே, அக்சிலேட்டரை விட்டு, நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக ஏற்று. அப்புறம் வேகம்: 60இல் போனால் கண்டு, மிதித்து, நிற்க 45 மீட்டர் அளவு வேண்டும். 80இல் 70க்குக் கிட்ட. டிம் லைட்டில் கறுத்த எருமையை 70 மீட்டரில் காண முடியுமா என்று ஒரு இரவு வண்டியை நிறுத்திவிட்டு நீயே இறங்கிப் பார். ஹபரணைப் பக்கம் யானை என்றால் இடிப்பது என்ற பேச்சே இல்லை, அந்த ரோட்டைப் பகலில் முடித்துவிடு.