நாஜிகளிடமிருந்து தப்பிப்போய் வேறு நாட்டில் மறுபடி வாழத் தொடங்கிய யூதக் குடும்பங்களில் உங்கள் மனதில் நிற்பது எது?

லுட்விக் குட்மானின் குடும்பம்.

என் தாய்மாமா தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையானார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், படுக்கைப் புண் வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அத்தை அலாரம் வைத்து ராத்திரியெல்லாம் எழுந்து புரட்டினார். "இந்த வழியைக் காட்டின புண்ணியவான் யாருடா?" என்று அவர் கேட்டதால்தான் தேடிப் படித்தேன்.

குட்மான் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) பெயர் பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர். 1933இல் யூதர் என்பதற்காகவே வேலையைப் பறித்தார்கள். அங்கிருந்த யூத மருத்துவமனைக்குப் போனார். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனியெங்கும் யூதர்களின் கடைகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. அன்று தஞ்சம் தேடி யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே சேருங்கள் என்று ஊழியர்களுக்கு உத்தரவிட்டார். வந்தவர்கள் 64 ஆண்கள். மறுநாள் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்து விசாரித்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி 60 பேரைக் காப்பாற்றினார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள மனிதர் அவர். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

யூதர்கள் வெளிநாடு போவது எளிதாக இல்லாத அந்தக் காலத்தில், போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க நாஜிகளே அவரை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். திரும்பும் வழியில் லண்டனில் இறங்கினார். அகதி அறிஞர்களுக்கு உதவிய அமைப்பு ஒன்று குடும்பத்துக்கு விசா ஏற்பாடு செய்து, 250 பவுண்டும் கொடுத்தது. 1939 மார்ச் 14 அன்று மனைவி எல்சே, மகன் டென்னிஸ், ஆறு வயது மகள் ஏவாவோடு ஆக்ஸ்ஃபோர்டில் வந்து இறங்கினார். முதல் சில வாரங்கள் பேலியல் கல்லூரித் தலைவரின் வீட்டில் தங்கினார்கள். பிறகு ஒரு சின்ன வீடு.

1943இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கச் சொன்னார்கள். என் முறைப்படிதான் வைத்தியம் செய்வேன், யாரும் குறுக்கிடக் கூடாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். தண்டுவடம் முறிந்தவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று மருத்துவர்களே கைவிட்ட காலம் அது. குட்மான் இரண்டு மணிக்கொருமுறை அவர்களைப் புரட்ட வைத்தார். பிறகு உட்கார வைத்தார், விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அந்த மருத்துவமனைப் புல்தரையில் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கான பாராலிம்பிக் பிறந்தது அங்கேதான்.

இதையெல்லாம் சொன்னபோது அத்தை முதலில் கேட்டது, "அந்தச் சின்னப் பொண்ணு என்ன ஆனா?" என்றுதான். 2012இல் லண்டனில் பாராலிம்பிக் நடந்தபோது வீரர்கள் தங்கிய கிராமத்துக்கு அந்த ஏவாதான் மேயர்.