லீசிங்கில் உழவு இயந்திரம்: ஆசை, பயம், கணக்கு (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: லீசிங்கில் உழவு இயந்திரம் எடுக்க என் கணவர் துடிக்கிறார், எனக்குப் பயம். ‘ஆசை, பயம் இரண்டையும் தள்ளிவைத்து அறிவால் மட்டும் யோசியுங்கள்’ என்கிறார் என் அண்ணா. அது முடியுமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: முடியாது, முடிந்தாலும் நல்லதல்ல. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி சேதமடைந்தவர்களை நரம்பியல் மருத்துவர் அன்ரோனியோ டமாசியோ ஆராய்ந்தார். அவர்களுக்கு அறிவுத்திறன் அப்படியே இருந்தது, உணர்ச்சிதான் மங்கியிருந்தது. அப்படி ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு திகதிகளைச் சொன்னார். அவர் நாட்குறிப்பைப் புரட்டி, மற்ற வேலைகள், வானிலை என்று அரை மணி நேரமளவு காரணங்களை அடுக்கினாரே தவிர, ஒரு திகதியைத் தெரிவு செய்யவில்லை.

ஆகவே பயத்தைத் துரத்தாதீர்கள், எதற்குப் பயம் என்று பாருங்கள். தவணைக்கென்றால் அது நியாயமானது. தவணை மாதாமாதம் வரும். உழவுக் காசு காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர்தான் வரும். குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோக உழவும் சுருங்கும்.

கொப்பியில் 12 மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே உழவு வருமானம், டீசல், சாரதி கூலி, திருத்தச் செலவு, தவணை ஆகியவற்றைப் போடுங்கள். வருமானத்துக்கு மழை பிழைத்த வருடத்தையே எடுங்கள். உழவில்லாத மாதத் தவணை எங்கிருந்து வரும் என்று குறிப்பாக எழுத வேண்டும். ‘எப்படியும் சமாளிக்கலாம்’ என்று எழுதினால், அங்கே கணக்குப் பார்ப்பது ஆசைதான். திரும்பக் கிடைக்காத முற்பணம் கட்டியிருந்தால் அதையும் ஒரு காரணமாக எழுதாதீர்கள். எடுத்தாலும் விட்டாலும் அது போன காசு.

பயமும் அளவு மீறும். ஒரு இலட்சம் கிடைக்கும் மகிழ்ச்சியை விட அதே இலட்சத்தை இழக்கும் வலி பெரிது என்பதை உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஆமோஸ் ற்வேர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள். இயந்திரம் ஏற்கெனவே முற்றத்தில் நிற்பதாக நினையுங்கள். அதே தவணையோடு வைத்திருப்பீர்களா, கொடுத்துவிடுவீர்களா? ‘வைத்திருப்பேன்’ என்றால், இப்போது உங்களைத் தடுப்பது கொப்பியிலுள்ள எண் அல்ல.

கேள்வி: மனம் சட்டென்று சொல்வதை நம்பலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: பலமுறை செய்து, சரி பிழை விரைவில் தெரிந்த வேலையில் நம்பலாம். வரம்பில் நின்றபடியே தண்ணீரை மறிப்பதா வெட்டிவிடுவதா என்று சொல்லும் விவசாயியின் மனம் அப்படிப் பழகியது. முதன்முறை கையெழுத்திடும் கடன் பத்திரத்தில் அந்தப் பழக்கம் இல்லை. பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தவணையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டி மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மறுநாள் போங்கள்.